வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த தகவலைச் சின்ன ஆபீஸ் எப்படிக் காப்பது?

ஜூலை மாதம் ஏதாவது ஒரு ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய்ப் பாருங்கள். மூன்று கம்ப்யூட்டர், நாலு ஊழியர்கள், சுவரோரம் டேக் கட்டிய ஃபைல்கள். ஊரிலேயே அதிகமான ரகசியம் புழங்கும் இடம் அதுதான். இந்த வருஷம் யார் நிலம் விற்றார், யாருக்கு எந்த பேங்கில் எவ்வளவு டெபாசிட் இருக்கிறது, எந்தக் கடை கடனில் தத்தளிக்கிறது, யார் கூடப் பிறந்தவர்களுக்குத் தெரியாமல் பிளாட் வாங்கியிருக்கிறார், எல்லாம் அங்கே தெரியும். பூட்டு என்று பார்த்தால் வாசல் ஷட்டரில் மட்டும் ஒன்று தொங்கும்.

தகவல் பாதுகாப்பு என்றதும் பலருக்கு ஹேக்கர் ஞாபகம்தான் வருகிறது. பெரிய கம்பெனிகளுக்கு அந்தக் கவலை சரி. நாலு பேர் வேலை செய்யும் இடத்தில் தகவல் வெளியே போவது பெரும்பாலும் சோம்பலாலும் வசதிக்காகச் செய்யும் பழக்கத்தாலும்தான். அதனால் இந்தக் கட்டுரையில் சாஃப்ட்வேர் பேச்சு குறைவு, ஆபீஸ் பழக்கங்களைப் பற்றிய பேச்சு அதிகம். உதாரணத்துக்கு ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொள்கிறேன். கிளினிக், டிராவல்ஸ், டியூஷன் சென்டர், கல்யாணத் தகவல் மையம் நடத்துகிறவர்களும் தங்கள் இடத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு மனிதரை இன்னார் என்று காட்டுவது, அல்லது அவரைப் பற்றிச் சொல்வது தனிப்பட்ட தகவல்: பெயர், ஆதார், பான், பிறந்த தேதி, செல் நம்பர், சம்பளம், பேங்க் கணக்கு. தொழில் ரகசியம் வேறு. ஹார்டுவேர் கடைக்காரர் எந்த ஊர் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கிறார், என்ன விலைக்கு எடுக்கிறார், எவ்வளவு லாபம் வைக்கிறார் என்பதெல்லாம் அந்த வகை. ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிற ஆபீஸில் இந்தக் கொள்முதல் பட்டியல் மாதாமாதம் சப்ளையர் பெயரோடு வந்து விழும். சின்ன ஊரில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு ஹார்டுவேர் கடைகளுக்கும் பெரும்பாலும் ஒரே ஆடிட்டர்தான். "அந்த அண்ணாச்சிக்கு இந்த மாசம் சிமென்ட்ல நல்ல ஓட்டம்" என்று ஊழியர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிடுவார். கெட்ட எண்ணமே இருக்காது. ஆனால் ஒரு பார்ட்டியின், அதாவது வாடிக்கையாளரின், ரகசியம் போட்டிக் கடைக்குப் போய்விட்டது.

இரண்டுக்கும் சட்டமும் வேறு வேறு. தனிப்பட்ட தகவலுக்கு 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்ன தீர்ப்பு இதற்கு முன்னோடி. சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்குத் தயாராக 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். இந்தச் சட்டம் டிஜிட்டலாக இருக்கும் தகவலையும், காகிதத்தில் வாங்கிப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிய தகவலையும் பார்க்கும். கடையின் லாப சதவீதம் போன்ற தொழில் ரகசியம் இதில் வராது. அதற்கு ஒப்பந்தமும் தொழில் நெறியும்தான் காவல். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டாக இருப்பவர் வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் அவர் விவரத்தை வெளியே சொன்னால், 1949-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது தொழில் ஒழுங்கீனம். நம் ஊரில் வரி ஃபைல் பண்ணித் தருகிற எல்லாரையும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். சிஏ படிக்காத வரி ஆலோசகருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே அப்படிப்பட்ட ஆபீஸ், "உங்கள் கணக்கு விவரத்தை உங்கள் அனுமதி இல்லாமல் யாருக்கும் தர மாட்டோம்" என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்லது. ஊழியரிடமும் அதே மாதிரி ஒன்று எழுதி வாங்கலாம்.

சட்டத்தின் உள்ளடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பு வாடிக்கையாளர் கேட்டால் தமிழிலும் கிடைக்க வேண்டும், ஏனென்றால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாம் இதில் சேர்த்தி. சொன்ன காரணத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம். பாதுகாப்பாக வைக்க வேண்டும். காரணம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாவிட்டால், அழிக்க வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது உச்ச வரம்பு. தவறு எவ்வளவு பெரியது, சரிசெய்ய என்ன முயற்சி எடுத்தார்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள்.

"சொன்ன காரணத்துக்கு மட்டும்" என்பதைத்தான் நம் ஆட்கள் சரியாகப் பிடித்துக்கொள்வதில்லை. அடகுக் கடையில் வைத்த நகையைக் கடைக்காரர் தன் மகள் கல்யாணத்துக்குப் போட்டு அனுப்ப முடியுமா? நகை அவர் பெட்டியில் இருக்கலாம், உடைமை வேறொருவருடையது. ரிட்டர்ன் ஃபைல் பண்ணக் கொடுத்த செல் நம்பரை இன்சூரன்ஸ் ஏஜென்ட்டான மச்சானுக்குக் கொடுப்பதும் அப்படித்தான்.

குறைவாக வாங்குவது

கையில் இல்லாத தகவல் கசியாது. காசு செலவே இல்லாத பாதுகாப்பு இது, ஆனால் யாரும் செய்வதில்லை. புதுப் பார்ட்டி வந்தால் ஆதார் காப்பி, பான் காப்பி, ரேஷன் கார்டு, போட்டோ, பாஸ்புக் முதல் பக்கம் என்று ஒரே மூச்சில் கேட்டுப் பழகிவிட்டோம். "எதற்கும் இருக்கட்டும்" என்பதுதான் காரணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறதா என்று ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் பாதி தேவைப்படாது.

ஆதார் நகலில் முழு எண் வேண்டாத வேலைக்கு மறைத்த ஆதார் போதும். ஆதார் ஆணையத்தின் தளத்தில் அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 12 இலக்கத்தில் கடைசி நாலு மட்டும் தெரியும், முதல் எட்டு மறைந்திருக்கும். வாடிக்கையாளருக்கு இது தெரியாது என்றால் ஆபீஸ்தான் சொல்லித் தர வேண்டும்.

ஜெராக்ஸ் தாளின் குறுக்கே "2026 வருமான வரி கணக்குக்காக மட்டும்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுவதும் நல்ல பழக்கம். திருடனை அது முழுதாக நிறுத்தாது, ஆனால் அந்தத் தாளை அப்படியே வேறு வேலைக்குக் கொண்டுபோக முடியாது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? கூலி வேலைக்குப் போகிறவருக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்தியை நாளிதழில் படித்திருப்பீர்கள். அவர் எங்கேயோ கொடுத்த ஆதார், பான் நகலை வைத்து வேறு யாரோ அவர் பெயரில் கம்பெனி பதிவு செய்து, போலி பில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நகல் எந்த ஆபீஸிலிருந்து போனது என்று கடைசிவரை தெரியாது.

இன்னொரு விஷயம். ஆதார் தளத்தில் இறக்கும் பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு உண்டு, அதனால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். அந்த பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருஷம். வருமான வரித் துறை தரும் ஏஐஎஸ் அறிக்கைக்கோ, சின்ன எழுத்தில் பான் எண்ணும் பிறந்த தேதியும். பேங்க் வட்டி, பங்கு விற்பனை, சொத்து வாங்கியது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் அறிக்கை அது. பான் கார்டு நகல் ஒன்று கையில் இருந்தால் பெயர், பான் எண், பிறந்த தேதி மூன்றும் கிடைத்துவிடும். நகலும் பிடிஎஃப்பும் ஒரே ஃபோல்டரில் கிடந்தால் அந்த பாஸ்வேர்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

டெஸ்க்டாப்பில் இருக்கும் அந்த எக்செல்

எந்த வரி ஆபீஸிலும் ஒரு எக்செல் ஃபைல் இருக்கும். "ஐடி பாஸ்வேர்டு நியூ" என்றோ "ஆல் பார்ட்டி" என்றோ பெயர். முதல் நெடுவரிசையில் பெயர், அடுத்து பான், அடுத்து வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டு, அடுத்து ஜிஎஸ்டி பயனர் பெயர், அதன் பாஸ்வேர்டு, ஓடிபி வரும் செல் நம்பர். இருநூறு பார்ட்டி என்றால் இருநூறு வரிசை. பாஸ்வேர்டுகளும் பெரும்பாலும் ஒரே அச்சு: பார்ட்டி பெயர், ஒரு அட் குறி, ஒன்று இரண்டு மூன்று. ஒன்றைப் பார்த்தால் மீதியை ஊகித்துவிடலாம். அந்த ஃபைல் மூன்று கம்ப்யூட்டரிலும் இருக்கும், ஒருவருடைய பென் டிரைவிலும் இருக்கும், போன வருஷம் வேலையை விட்டுப் போனவருடைய ஜிமெயிலிலும் இருக்கும்.

ஆபீஸின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பேன். இதை அடைக்க இரண்டு வழி. ஒன்று, பாஸ்வேர்டே வாங்காமல் வேலை செய்வது. ஜிஎஸ்டி தளத்தில் பதிவு செய்த ஜிஎஸ்டி பிராக்டிஷனரை (மற்றவர்களுக்காக ஜிஎஸ்டி வேலை பார்ப்பவரை) வாடிக்கையாளரே தன் கணக்கிலிருந்து நியமிக்கலாம், வேண்டாம் என்றால் நீக்கலாம். அப்போது ஆபீஸ் தன் சொந்த லாகினில் வேலை பார்க்கும். வருமான வரித் தளத்திலும் இ-ரிட்டர்ன் இடைநிலையாளராக, அதாவது மற்றவர்களுக்காக ரிட்டர்ன் ஃபைல் பண்ணுகிறவராக, பதிவு செய்தவர்களை வாடிக்கையாளர் ஓடிபி மூலம் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. கடைசி நேர அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது என்று சொல்வார்கள், அது வாஸ்தவம்தான். வேலை குறைந்த மாதத்தில் வாரத்துக்குப் பத்துப் பார்ட்டி என்று மாற்றினால் அடுத்த சீசனுக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது வழி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எக்செலைத் தூக்கிப் போட்டுவிட்டு பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாறுவது. பிட்வார்டன், கீபாஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. எல்லா பாஸ்வேர்டையும் மறையாக்கம் செய்து, அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றி வைத்து, ஒரே ஒரு பெரிய பாஸ்வேர்டில் திறக்கும். ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டை அதுவே உருவாக்கியும் தரும். மாறிய பிறகு பழைய எக்செலை எல்லா இடத்திலிருந்தும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, அதில் இருந்த பாஸ்வேர்டு அத்தனையையும் மாற்ற வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

வசதிக்காக வாடிக்கையாளரின் கணக்கில் ஆபீஸின் செல் நம்பரையும் மெயிலையும் பதிந்து வைப்பதும் உண்டு. ஓடிபி நேராக ஆபீஸுக்கே வரும், பார்ட்டிக்குப் போன் போட வேண்டாம். ஆனால் துறையிலிருந்து வரும் நோட்டீஸும் அவருக்குப் போகாது. தன் கணக்கில் என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியாமல் போய்விடும். முதன்மை நம்பர் எப்போதும் வாடிக்கையாளருடையதாகவே இருக்கட்டும்.

அப்புறம் அந்த மேஜை டிராயர். கம்பெனி இயக்குநர்கள், பங்குதாரர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் அதில்தான் கிடக்கும். பென் டிரைவ் மாதிரி இருக்கும், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருப்பார்கள், ஒவ்வொன்றின் மேலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிப் பெயரும் பின் நம்பரும் எழுதியிருக்கும். அந்த டோக்கன் போடும் கையெழுத்து சட்டப்படி அந்த மனிதரே போட்ட கையெழுத்துக்குச் சமம். டிராயரைத் திறக்க முடிந்த எவரும் அவர் பெயரில் கையெழுத்துப் போடலாம் என்று அர்த்தம். டோக்கனைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டிய கடமை அதன் சொந்தக்காரருடையது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் முறை. தூரத்து ஊர்க்காரர், அடிக்கடி வர முடியாது என்றால் பூட்டிய பெட்டியில் வையுங்கள், எடுத்த தேதி, எந்தப் படிவத்துக்கு, எடுத்தவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், பின் நம்பரைச் சொந்தக்காரரே வைத்திருக்கட்டும்.

வாட்ஸ்அப், எனிடெஸ்க், பழைய பேப்பர்

பேங்க் ஸ்டேட்மென்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள் என்று பார்ட்டியிடம் சொல்லிப் பயனில்லை, அனுப்பத்தான் செய்வார்கள். வாட்ஸ்அப்பின் மறையாக்கம் வழியில் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும். வந்து சேர்ந்த பிறகு நடப்பதுதான் சிக்கல். ஊழியரின் சொந்தப் போனில் வரும் பான் கார்டு படம் தானாக கேலரியில் இறங்கி, அங்கிருந்து அவருடைய கூகுள் போட்டோஸுக்கும் ஏறிவிடும். வீட்டில் அவர் குழந்தை கேம் விளையாடும் அதே போனில் இருபது பேருடைய ஆதார் இருக்கும். ஆகவே ஆபீஸுக்கென்று தனி போன், தனி நம்பர். மீடியா தானாக இறங்குவதையும் கேலரியில் தெரிவதையும் அமைப்பில் நிறுத்துங்கள். வந்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் அந்தப் பார்ட்டியின் ஃபோல்டருக்கு மாற்றியதும் அரட்டையிலிருந்து நீக்குங்கள். "இணைத்த சாதனங்கள்" பட்டியலை அவ்வப்போது திறந்து பாருங்கள். எப்போதோ ஒரு நாள் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கத் திறந்த வாட்ஸ்அப் வெப் இன்னும் திறந்தே இருக்கலாம்.

கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரில் ஏதோ பிழை என்றால் சர்வீஸ் பையன், தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் வழியாக உள்ளே வருவார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். இருந்தாலும் அவர் வேலை செய்யும்போது ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும், முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். யாரும் இல்லாதபோதும் உள்ளே வரும்படி பாஸ்வேர்டு வைத்துக்கொள்ள அவரை அனுமதிக்கக் கூடாது. டேலியிலேயே ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனி பயனர் கணக்கு வைக்கலாம், டேலி வால்ட் என்ற வசதியில் கம்பெனித் தரவை மறையாக்கவும் செய்யலாம். வால்ட் பாஸ்வேர்டை மறந்தால் மட்டும் யாராலும் மீட்க முடியாது, அதை நினைவில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் பக்கம் நிறையச் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இன்னும் அதிலேயே ஓட்டினால் மாறிக்கொள்ளுங்கள். விண்டோஸ் புரோ என்றால் டிஸ்க் முழுவதையும் மறையாக்கும் பிட்லாக்கரை ஆன் செய்யுங்கள், லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு ஓடிபி போல இன்னொன்றும் கேட்கும்படி வையுங்கள். பேக்கப் எடுக்கும் ஹார்டு டிஸ்க்கை, எடுத்து முடித்ததும் கழற்றி வையுங்கள். செருகியபடியே விட்டால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும்போது கம்ப்யூட்டரோடு சேர்ந்து அதுவும் பூட்டிக்கொள்ளும். ரீஃபண்ட் வந்திருக்கிறது, கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தால் ஆபீஸ் போனில் தொடவே கூடாது.

காகிதத்துக்கு வருவோம். வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே யாருடைய ஃபார்ம் 16-ஓ (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று) இருப்பது நம் ஊரில் புதிதல்ல. ஆபீஸைச் சுத்தம் செய்த அன்று மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டது அது. கிலோவுக்குக் கிடைக்கும் அந்தச் சில்லறைக்காக இருநூறு பேரின் விவரத்தைத் தெருவில் விடுகிறோம். ஒரு சின்ன ஷ்ரெட்டர் வாங்கிவிடுங்கள், குறுக்காகவும் வெட்டும் வகையாக இருந்தால் நல்லது.

எதை எவ்வளவு காலம் வைப்பது என்றும் எழுதி வைக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்குகளை அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடமை வியாபாரியுடையது. ஆபீஸ் அவருக்காக வைத்திருந்தால் அதுவரை வைக்கலாம், வழக்கோ அப்பீலோ இருந்தால் அது முடியும்வரை. கணக்கை வேறு ஆடிட்டரிடம் மாற்றிக்கொண்ட பார்ட்டியின் ஃபைல் பத்து வருஷமாக அலமாரியில் தூங்கினால், அது உங்களுக்குச் சுமை மட்டுமே. ஒரிஜினல் ஏதாவது இருந்தால் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதியை வெட்டிப் போடுங்கள்.

ஊழியர் வேலையை விடும் நாளில் சாவியைக் கேட்டு வாங்குகிறோம், லாகினை மறந்துவிடுகிறோம். அன்றைக்கே அவருடைய பயனர் கணக்கை மூடி, பொதுவாகப் பயன்படுத்திய பாஸ்வேர்டுகளை மாற்றி, ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட வேண்டும். மனஸ்தாபத்தில் போகிறவருக்கு மட்டும் இல்லை, கேக் வெட்டி வழியனுப்புகிறவருக்கும் இதே முறைதான்.

கசிந்துவிட்டால்?

இவ்வளவு செய்தும் ஒரு நாள் கசியலாம். மெயில் கணக்கு திருடு போகலாம், லேப்டாப் காணாமல் போகலாம், ஒருவருடைய பேலன்ஸ் ஷீட்டை அதே பெயர் கொண்ட இன்னொருவருக்கு அனுப்பிவிடலாம். இந்தக் கடைசி வகைதான் அடிக்கடி நடக்கும். உடனே செய்ய வேண்டியது பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்து, யார் யாருடைய எந்தத் தகவல் போனது என்று ஒரு பட்டியல் போடுவது. எக்செல் இருந்த காலத்தில் அந்தப் பட்டியலே போட முடியாது, ஏனென்றால் எல்லாமே போயிருக்கும்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும். கம்ப்யூட்டருக்குள் யாரோ நுழைந்தது போன்ற சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லி, இந்திய அரசின் கணினி அவசர நிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, பாதிக்கப்பட்ட வாடிக்கையாளருக்கும் அந்தச் சட்டப்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், வாரியத்துக்கு விவரமான அறிக்கையை 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

வாடிக்கையாளரிடம் சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. பலரும் மூடி மறைக்கப் பார்க்கிறார்கள், பார்ட்டி போய்விடுவாரோ என்ற பயம். ஆனால் அவருக்கு நேரத்தோடு தெரிந்தால் அவர் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டலாம், பேங்கில் சொல்லி வைக்கலாம், தன் பெயரில் யாரும் கடன் வாங்கியிருக்கிறார்களா என்று சிபில் அறிக்கை எடுத்துப் பார்க்கலாம். மெசேஜ் அனுப்பிவிட்டு ஒதுங்காமல் போன் போட்டே பேசுங்கள்: "சார், நம்ம ஆபீஸ் மெயிலை யாரோ திறந்திருக்காங்க. உங்க பான் கார்டு காப்பியும் போன வருஷத்து பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதுல இருந்துச்சு. ஆதார் அதுல இல்ல. பாஸ்வேர்டு எல்லாம் மாத்திட்டோம், சைபர் கிரைம்ல புகார் கொடுத்தாச்சு. நீங்க இன்னைக்கே செய்ய வேண்டியது ரெண்டு இருக்கு, எழுதி அனுப்புறேன்." எது போனது, எது போகவில்லை, நாம் என்ன செய்தோம், அவர் என்ன செய்ய வேண்டும் என்ற நாலும் அதில் வந்துவிடுகிறது. இந்தப் பேச்சையும், செர்ட்-இன், வாரியம், 1930 விவரங்களையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டி வைத்தால், பதற்றத்தில் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.